செய்தவர் இல்லாத வாக்கியங்கள்

(இதழியல் மாணவர்களும் பத்திரிகையாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மறைவில் நடக்கும் குற்றத்தைத் தோண்டி எடுப்பது எப்படி என்று இதழியல் வகுப்புகளில் நிறையவே சொல்லித் தருகிறார்கள். ஆவணங்களைத் தேடுவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுவது, கணக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. எல்லாம் வேண்டிய திறமைகள்தான். நான் இன்று பேச வந்தது, தோண்ட வேண்டிய தேவையே இல்லாத குற்றத்தைப் பற்றி. பட்டப்பகலில், பலரும் பார்க்க நடக்கும் அநியாயத்தை நாம் எந்தச் சொற்களால் எழுதுகிறோம் என்பதைப் பற்றி. அங்கே முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு மேலேயே தெரிகிறது. செய்தவர் ஒருவராக அதை மூடி மறைக்க முடியாது. மூடுவதற்கு அவருக்கு நம்முடைய வாக்கியம் துணைக்கு வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்கூட எழுதாமல் ஒரு பத்திரிகை அநியாயத்துக்கு உடந்தையாக முடியும். செய்தவரை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் போதும். செயலுக்கு, செய்தவரே வைத்த பெயரைச் சூட்டிவிட்டால் போதும்.

முதலில் தொலைவில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். அங்கே சிலர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த கணக்கு இருக்கிறது.

ஒருவரைப் பலகையில் கிடத்திக் கட்டி, முகத்தைத் துணியால் மூடி, மூச்சு முட்டும்படி அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது ஒரு பழைய கொடுமை. தண்ணீரில் மூழ்கிச் சாகிறோம் என்று உடல் துடிக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவத்தினர் கைதிகளுக்கு இதைச் செய்தார்கள். போர் முடிந்த பிறகு அதற்காக அவர்களை விசாரித்துத் தண்டித்தது அமெரிக்கா. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. தன் கைதிகளுக்கு அதையே செய்தது. 2002 ஆகஸ்டில் அந்நாட்டு அரசின் நீதித் துறை ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தது. உறுப்புகள் செயலிழக்கும் அளவுக்கோ உயிர் போகும் அளவுக்கோ வலி இருந்தால்தான் அது சித்திரவதை என்றது அந்தக் குறிப்பு. அரசு இந்த முறைகளுக்கு ‘மேம்படுத்தப்பட்ட விசாரணை முறைகள்’ என்று பெயர் வைத்தது.

பத்திரிகைகள் என்ன செய்தன? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஷோரன்ஸ்டீன் மையத்தில் மாணவர்கள் சிலர் பழைய இதழ்களைப் புரட்டி எண்ணினார்கள். அந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. 1930-களின் தொடக்கத்திலிருந்து 1999 வரை, இந்தச் செயலைப் பற்றிய நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் 81.5 சதவீதம் அதைச் சித்திரவதை என்று எழுதின அல்லது அந்தப் பொருள் வரும்படி எழுதின. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் 96.3 சதவீதம். 2002 முதல் 2008 வரையிலான கட்டுரைகளில் முதல் பத்திரிகையில் அது 1.4 சதவீதமாகவும், இரண்டாவதில் 4.8 சதவீதமாகவும் இறங்கிவிட்டது. வேறு நாடு செய்தபோது சித்திரவதை என்ற சொல் தயங்காமல் வந்தது. சொந்த அரசு செய்தபோது பேனா நின்றுவிட்டது.

அரசியல் சர்ச்சையில் இருக்கும் ஒரு சொல்லைப் பயன்படுத்துவது ஒரு பக்கம் சாய்வதாகிவிடும் என்று நியூயார்க் டைம்ஸ் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். 2014 ஆகஸ்ட் முதல் நாள் அமெரிக்க அதிபர் ஒபாமா, நாங்கள் சிலரைச் சித்திரவதை செய்தோம் என்று செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். அதற்குச் சில நாள் கழித்து, இனி அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோம் என்று அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அறிவித்தார். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றப்பட்ட மனிதனின் மூச்சுத் திணறல் 2002-லும் அதேதான், 2014-லும் அதேதான். நடுவில் மாறியது அரசின் நிலைப்பாடு மட்டுமே. சர்ச்சை என்ற ஒன்றை உண்டாக்கியதே குற்றம் செய்த தரப்பு. ‘சர்ச்சையில் இருக்கிறது, அதனால் சொல்ல மாட்டோம்’ என்று பத்திரிகை ஒதுங்கினால், எந்தச் சொல்லையும் சர்ச்சைக்குள் தள்ளிச் செல்லாக்காசாக்கும் அதிகாரம் குற்றவாளியின் கைக்குப் போய்விடுகிறது.

நம் ஊருக்கு வருவோம். தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்குக் ‘கிடுக்கிப்பிடி விசாரணை’ என்ற தொடர் தெரியும். ‘போலீஸாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் உண்மையை ஒப்புக்கொண்டார்’ என்று படிக்கும்போது, அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று வாசகருக்குப் புரியாமல் இல்லை. எழுதுகிறவருக்கும் புரிகிறது. ‘தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்து கை முறிந்தது’ என்ற வரியும், கையில் மாவுக்கட்டோடு நிற்கும் இளைஞரின் படமும் எத்தனை முறை வந்திருக்கின்றன! போலீஸ் பிடியில் மட்டும் ஏன் இத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள் என்ற கேள்வியைச் செய்தி கேட்பதில்லை. ‘மாவுக்கட்டு’ சிரிப்புக்குரிய சொல்லாகவே ஆகிவிட்டது. எலும்பை உடைப்பது சட்டத்தில் குற்றம், அதைச் செய்தவர் அரசு ஊழியர் என்பது அந்தச் சிரிப்பில் கரைந்துபோகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. மூச்சுத் திணறல், உடல்நலக் குறைவு என்றது அரசுத் தரப்பின் முதல் விளக்கம். பக்கத்துக் கடைக் கேமராப் பதிவு அறிக்கைக்கு மாறாக இருந்தது. இரவெல்லாம் அடித்தார்கள் என்று அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் சொன்னார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. சி.பி.ஐ. 9 போலீஸார் மீது கொலைக் குற்றம் சாட்டிக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ‘தரையில் உருண்டார்கள்’ என்பதைச் செய்தியாகப் போடுவதா, போலீஸ் சொல்லும் கதையாகப் போடுவதா என்பது செய்தி மேசையில் இருப்பவர் எடுக்கும் முடிவு. ‘என்கிறது போலீஸ்’ என்ற இரண்டே சொற்கள் அந்த வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். இடம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் அந்த இரண்டு சொற்கள்தான்.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். தானே செய்வது தன்வினை, பிறரைச் செய்ய வைப்பது பிறவினை. திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். ஓர் எழுத்தை மாற்றிப் பொறுப்பு யாருடையது என்று காட்டிவிடும் வசதி தமிழுக்கு உண்டு. தேர்வோடு மறந்துபோகிற இந்தப் பாடம்தான் செய்தி மேசையில் தினமும் தேவைப்படுகிறது.

‘கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிப் பலி’. இந்தத் தலைப்பை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பெரும்பாலும் கடைசியில் ‘பரிதாபம்’ என்ற சொல்லும் ஒட்டியிருக்கும். இதில் தாக்கியது யார்? வாயு. இறங்கியது யார்? தொழிலாளர்கள். குற்றம் என்ற ஒன்று எங்குமே இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ வேலைக்கு இறக்குவது அதன்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2014-ல் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தவர்கள் இறங்கவில்லை, இறக்கப்பட்டார்கள். இறக்கியவர் ஒப்பந்ததாரர், அல்லது வீட்டுக்காரர், அல்லது நகராட்சி அதிகாரி. ‘சட்டத்தை மீறித் தொட்டிக்குள் இறக்கப்பட்ட 2 தொழிலாளர்கள் சாவு, இறக்கிய ஒப்பந்ததாரர் மீது வழக்கு’ என்று எழுதிப் பாருங்கள். எழுத்துகள் கொஞ்சம்தான் கூடும். வாயுவின் இடத்தில் மனிதர் வந்து நிற்பார். வழக்குப் பதியவில்லை என்றால் ‘வழக்கு இல்லை’ என்றே எழுதுங்கள், அதுவும் செய்திதான்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் உயிரிழந்தார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. பெண்களும் குழந்தைகளும் அதிகம். ‘குடிசை எரிந்து 44 பேர் சாவு’ என்று எழுதலாம். ‘குடிசைக்குத் தீ வைத்து 44 பேரைக் கொன்றார்கள்’ என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. குடிசை எரிந்தது உண்மை, 44 பேர் இறந்தது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் ஒரு தீ விபத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்து, வாக்கியம் முழுவதும் பொய்யாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

‘மோதல்’ என்ற சொல்லையும் இதே வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு தெருவுக்குள் ஒரு கூட்டம் புகுந்து வீடுகளைச் சூறையாடும். மறுநாள் ‘இரு பிரிவினரிடையே மோதல்’ என்று வரும். சாதிப் பெயரைப் போட்டால் பதற்றம் பரவும் என்று சொல்லி அப்படி எழுதுகிறோம். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். பரபரப்புக்காகச் சாதிப் பெயரை ஊதிப் பெரிதாக்கும் எழுத்து உயிரை வாங்கும். ஆனால் சாதிப் பெயரை ஒரு நாள் தள்ளிப் போட்டாலும், அடித்தவர்கள் ஒரு தரப்பு, அடிபட்டவர்கள் இன்னொரு தரப்பு என்பதைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. ‘மோதல்’ என்றதும் அடிபட்டவரும் பாதிக் குற்றவாளி ஆகிவிடுகிறார். தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்களை நோக்கிப் போலீஸ் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதைத் ‘தூத்துக்குடி கலவரம்’ என்று எழுதியவர்கள் உண்டு. இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான தூண்டுதல் இல்லை என்ற முடிவுக்கு வந்த ஆணையம், 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. கலவரம் என்ற பெயர், சுட்டவர்களிடமிருந்து பொறுப்பை எடுத்துச் சுடப்பட்டவர்களின் தலையில் வைத்தது.

‘விவகாரம்’ என்பது இன்னொரு சொல். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது தெரியவந்தது. அன்றிலிருந்து அது ‘வேங்கைவயல் விவகாரம்’. சொத்துத் தகராறும் விவகாரம், கட்சிப் பதவிச் சண்டையும் விவகாரம், குடிநீரில் மலத்தைக் கலப்பதும் விவகாரமா? இந்த வழக்கு இன்னொரு பாடத்தையும் தருகிறது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவரையே குற்றம் சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. ஆக, செயல் வெட்டவெளிச்சம், செய்தவர் யார் என்பது வழக்கில் இருக்கிறது. அப்படியானால் செயலுக்குரிய சொல்லை முழுதாகச் சொல்ல வேண்டும், செய்தவர் என்ற இடத்தைத் திறந்தே வைக்க வேண்டும். தெரியாத பகுதியைக் காரணம் காட்டித் தெரிந்த பகுதியையும் மழுப்பக் கூடாது.

கடுமையான சொல்லைக் கையாள நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எளியவர்களுக்கு எதிராக அதை ஒரு நொடியும் தயங்காமல் எடுக்கிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். அவர்களைக் ‘கடத்தல்காரர்கள்’ என்று சொன்னது போலீஸ். பல செய்திகளில் மேற்கோள் குறிகூட இல்லாமல் அந்தச் சொல் ஏறியது. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி சொன்ன பிறகே ‘கூலித் தொழிலாளர்கள்’ என்ற சொல் பரவலானது. இறந்தவர்களால் மறுப்பு அனுப்ப முடியாது.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, இளம் பெண் மருத்துவர் ஒருவரின் கொலை வழக்கில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது நாடே கொண்டாடியது. ‘நீதி கிடைத்தது’ என்று தொலைக்காட்சிகள் முழங்கின. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. கொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள், இறந்தவர்களில் மூவர் சிறுவர்கள், 10 போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது அறிக்கை. அந்த இளம் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்கு நம் நெஞ்சு கொதித்தது இயல்பு. ஆனால் விசாரணையே இல்லாமல் நால்வரைக் கொன்றதற்கு ‘என்கவுண்டர்’ என்று பெயர் வைத்து, அதைச் சாதனைபோல எழுதியது நம் தொழிலுக்கு வந்த இழுக்கு. கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான், தீர்ப்பு வரும்வரை குற்றவாளி ஆக மாட்டார். அமைச்சருக்கும் அதிகாரிக்கும் இந்த நியாயத்தைத் தவறாமல் தருகிறோம். பிக்பாக்கெட் வழக்கில் சிக்கிய பையனுக்கு மட்டும் தருவதில்லை.

ஏன் இப்படி எழுதுகிறோம்? கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட நான் விரும்பவில்லை. கிரைம் நிருபருக்கு நாளைய செய்தியும் அதே காவல் நிலையத்திலிருந்துதான் வர வேண்டும். ஊரில் இருக்கும் பகுதி நேர நிருபருக்குச் சம்பளம் சொற்பம், பாதுகாப்பு இல்லை, அவர் குடும்பம் அந்த ஊரிலேயே வாழ்கிறது. இரவுப் பக்கம் முடியும் நேரத்தில் பிரஸ் நோட்டில் இருக்கும் வாக்கியம் அப்படியே பக்கத்துக்குள் போய்விடுகிறது. செய்தி அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஆக்ஸ்பாம் இந்தியா தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்டரி செய்தித் தளமும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் எடுத்துக்கொண்ட ஆங்கில, இந்தி ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. தொட்டிக்குள் இறக்கப்படும் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் மேசையில் இருந்தால், ‘இறங்கிய’ என்ற சொல் அவர் கண்ணில் உறுத்தும்.

சட்டத்துக்கு அஞ்சுகிறோம் என்பது அடிக்கடி கேட்கும் பதில். அவதூறு இன்னும் குற்றவியல் வழக்காகவே இருக்கிறது, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பொதுநலனுக்காகச் சொல்லப்படும் உண்மை அவதூறு ஆகாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நம் மண்ணிலிருந்து போன வழக்கு ஒன்றும் நமக்குத் துணை நிற்கிறது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தபோது எழுந்த வழக்கு அது. அதில் 1994-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. கடமை தொடர்பான செயலைப் பற்றிய செய்திக்கு ஓர் அதிகாரி நஷ்டஈடு கேட்டால், அது பொய் என்பதோடு, உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் வெளியிட்டார்கள் என்பதையும் அவர் காட்ட வேண்டும் என்றது. ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிவதைவிட, யார் சொன்னார், எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று எழுதுவதே சட்டத்திலும் நமக்கு நல்ல கவசம்.

மாற்றம் நடக்காது என்று சோர்ந்துவிடாதீர்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் ‘கற்பழிப்பு’ என்ற சொல் ஒரு காலத்தில் அன்றாடம் வந்தது. கற்பு போய்விட்டது என்று பாதிக்கப்பட்ட பெண்ணின் மேல் இழப்பைச் சுமத்திய சொல் அது. பெண்கள் இயக்கங்கள் விடாமல் கேட்டதால் ‘பாலியல் வன்கொடுமை’ அந்த இடத்துக்கு வந்தது. சாதி மாறித் திருமணம் செய்தவர்களைக் குடும்பத்தாரே கொன்றபோது ‘கௌரவக் கொலை’ என்று எழுதினோம். கொன்றவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட நியாயத்தை நாமும் அச்சிட்டோம். தலித் இயக்கங்களும் இடதுசாரி அமைப்புகளும் எழுத்தாளர்களும் கேட்டுக் கேட்டு, இன்று ‘ஆணவக் கொலை’ என்று எழுதுகிறோம். விருத்தாசலம் அருகே 2003-ல் காதல் தம்பதியைக் கொன்ற வழக்கில் 2021-ல் தீர்ப்பு வந்தபோது, பத்திரிகைகள் அந்தச் சொல்லையே பயன்படுத்தின. கொலையாளிகளோடு, உண்மையை மறைத்த போலீஸாருக்கும் அந்த வழக்கில் தண்டனை கிடைத்தது. சொல் மாறியதால் மட்டும் கொலைகள் நிற்கவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கொலையில் கௌரவம் இருப்பதாக இன்று ஒரு தமிழ் நாளிதழ் எழுதத் தயங்குகிறது.

மாணவர்களுக்கு வேலைக்கு உதவும்படி சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வாக்கியத்தை எழுதியதும் எழுவாய் எது என்று பாருங்கள். வாயுவும் தோட்டாவும் லத்தியும் எழுவாயாக நின்றால், அதைப் பிடித்த கை யாருடையது என்று கேளுங்கள். செய்தவர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அதிகாரத் தரப்பு சொல்வதை அதன் பெயரிலேயே போடுங்கள், பத்திரிகையின் குரலாக ஆக்காதீர்கள். ‘பயங்கரம்’, ‘கொடூரம்’, ‘பரிதாபம்’ என்ற அடைமொழிகளைக் குறைத்து, சரியான வினைச்சொல்லைத் தேடுங்கள். வினை சரியாக இருந்தால் வாசகரின் நெஞ்சு தானே பதறும், நாம் பதறச் சொல்ல வேண்டியதில்லை. இதே செயலை எதிரி நாடோ எளிய மனிதரோ செய்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பேன் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயரையே இதற்கும் வையுங்கள்.

நடுநிலை என்பது செய்தவருக்கும் செய்யப்பட்டவருக்கும் நடுவில் நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். யாராக இருந்தாலும் ஒரே அளவுகோலால் அளப்பதைத்தான் நான் நடுநிலை என்பேன். அநியாயம் கண்ணெதிரே நடந்திருக்கிறது, சான்று கையில் இருக்கிறது. அப்போது அதன் பெயரைச் சொல்வது கருத்துச் சொல்வதாகாது. அதுதான் செய்தி. அதைச் சொல்லத்தான் மக்கள் காசு கொடுத்து நம் பத்திரிகையை வாங்குகிறார்கள்.